4 வயசுப் பொண்ணு, ஒன்றரை வயசுப் பையன்: புதிர் வாங்கலாமா, கட்டை வாங்கலாமா?

நிலாஅம்மா (ஈரோடு)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இதுதான் என் முதல் இழை. தப்பான பகுதியில போட்டிருந்தா மட்டுறுத்துனர் நகர்த்திவிடுங்க.

பொண்ணுக்கு வர்ற மாசம் 4 வயசு முடியுது. பையனுக்கு ஒன்றரை. வீட்டுல இருக்கிற சாமான் எல்லாமே பட்டனை அமுக்கினா பாட்டுப் பாடுற வகை. பேட்டரி தீர்ந்தா அதோட சரி, பொண்ணு திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா. அதனால இந்தத் தடவை யாரும் எதுவும் வாங்கிட்டு வராதீங்க, காசாக் கொடுத்துடுங்கன்னு சொந்தக்காரங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிட்டேன். (மாமியார் ரெண்டு நாளா என்கூடச் சரியாப் பேசலை, அது வேற கதை.) சுமாரா 3000 ரூபாய் சேரும்.

பக்கத்து வீட்டு அக்கா "லாஜிக் பஸில் வாங்கு, மூளை வளரும்"ங்கறாங்க. வீட்டுக்காரர் "லெகோதான்"ங்கறார். ஆன்லைன்ல தேடினா எல்லாப் பெட்டியிலயும் ஸ்டெம், ஐக்யூ, மாண்டிசோரின்னு ஏதாவது ஒண்ணு எழுதியிருக்கு. பிளாஸ்டிக் வாத்துக்குக்கூட மாண்டிசோரின்னு போட்டிருக்கான். எதைப் பார்த்து வாங்கறது? பையன் கையில எது கிடைச்சாலும் நேரா வாய்க்குத்தான் போகும், அதையும் மனசுல வெச்சுச் சொல்லுங்க.

கார்த்தி_86

வாங்கற பொம்மையை விட அது வந்த அட்டைப்பெட்டியிலதான் என் மகன் விளையாடுறான். பெட்டியை மட்டும் விக்கிற கடை இருந்தா எனக்கும் சொல்லுங்க.

பட்டு டீச்சர் (சென்னை)

நிலாஅம்மா, புதிரும் கட்டையும் ரெண்டும் வேற வேற சாமான்ம்மா. புதிர்ல விடையை யாரோ ஏற்கெனவே முடிவு பண்ணி வெச்சுட்டாங்க, குழந்தை அதைத் தேடிப் பிடிக்கணும். கட்டையில கேள்வியே குழந்தையோடதுதான். 4 வயசுல விளையாடற நேரத்துல பெரும்பகுதி ரெண்டாவதுக்குப் போகணும்ங்கறது என் கட்சி. மழலையர் வகுப்புலயே காலத்தைத் தள்ளினவ நான், இதுல விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பெட்டி மேல போட்டிருக்கிற வயசுல "3 வயசுக்குக் கீழே கூடாது"ங்கறதை மட்டும் அப்படியே எடுத்துக்கோங்க, அது பாதுகாப்புக்காகப் போடறது. மத்தபடி 4+, 6+ங்கறதெல்லாம் சும்மா ஒரு உத்தேசம். உங்க பொண்ணு இப்ப என்ன கட்டறாங்கறதைப் பாருங்க. நியூயார்க்ல ஹாரியட் ஜான்சன்னு ஒரு ஆசிரியை, குழந்தைங்க கட்டை வெச்சு என்ன பண்றாங்கன்னு பக்கத்துல உட்கார்ந்து பார்த்து 1933லயே எழுதி வெச்சுட்டார். முதல்ல கட்டையைத் தூக்கிட்டுத் திரியும், கொட்டும். அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கும், இல்லேன்னா வரிசையா வைக்கும். அதுக்கப்புறம் பாலம்: ரெண்டு கட்டையைத் தள்ளி வெச்சு மேல ஒண்ணைக் குறுக்கே போடறது. பிறகு நாலு பக்கமும் சுத்தி அடைக்கறது. அடைச்சு முடிச்சதும் அழகு வரும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வைக்கும். கட்டினதுக்குப் பேர் வைக்கறது, "இது நம்ம வீட்டு மாடி"ன்னு முதல்லயே சொல்லிட்டுக் கட்டறது எல்லாம் கடைசியாத்தான் வரும். அது 4, 5 வயசுச் சமாசாரம்.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. காலித் தீப்பெட்டி ஏழெட்டும் ஒரு ஸ்கேலும் கொடுத்துட்டு, ஒண்ணும் சொல்லாம கொஞ்ச நேரம் பாருங்க. பாலம் போடறாளா, அடைக்கறாளான்னு வந்து சொல்லுங்க. அப்புறம் பேசலாம்.

பையனைப் பத்திக் கவலை வேண்டாம். அவன் கொட்டுவான், அக்கா கட்டினதை இடிப்பான். அந்த வயசுக்கு அதுதான் விளையாட்டு.

கட்டைவண்டி (பீளமேடு, கோவை)

டீச்சர் சொன்னதுக்கு மேல ஒண்ணு சேர்த்துக்கறேனுங்க. நான் பேட்டர்ன் ஷாப் வெச்சிருக்கேன், வார்ப்படத்துக்கு மரத்துல அச்சு செய்யற தொழில். அதனால அளவுதான் கண்ணுல படும்.

கடையில விக்கிற கலர் எழுத்துக் கட்டை எல்லாம் ஒரே சைஸ் கனசதுரம். அதுல கோபுரம் வைக்கலாம், வரிசை வைக்கலாம், அவ்வளவுதான். பாலம் போடோணும்னா நீளக்கட்டை வேணுமே! டீச்சர் சொன்ன மூணாவது படியிலயே அந்த செட்டு நின்னு போயிரும். அப்புறம் "வாங்கிக் கொடுத்தேன், ரெண்டு நாள்ல போட்டுட்டா"ன்னு குழந்தை மேல பழி.

அமெரிக்காவுல கரோலின் பிராட்னு ஒரு அம்மா நூறு வருசத்துக்கு முந்தியே இதுக்கு ஒரு கணக்குப் போட்டுட்டாங்க. தடிமன் 1 பங்குன்னா அகலம் 2, நீளம் 4. அவங்க அளவை நம்ம ஆசாரி பாஷையில சொன்னா (8 நூல் சேர்ந்தா 1 இன்ச்) தடிமன் 1 இன்ச் 3 நூல், அகலம் 2 இன்ச் 6 நூல், நீளம் 5 இன்ச் 4 நூல். இதுதான் ஒரு யூனிட். இதுல பாதி ஒரு கட்டை, இரட்டை ஒரு கட்டை, நாலு மடங்கு ஒரு கட்டை. எப்படிப் படுக்க வெச்சாலும் நிக்க வெச்சாலும் ஒண்ணோட ஒண்ணு மட்டம் சேரும். ரெண்டு அரை சேர்ந்தா ஒண்ணுன்னு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஒரு பக்கம் முழுக்கட்டை தீர்ந்து போச்சுன்னா அதுவே ரெண்டு அரையை எடுத்து வெச்சுப் பார்த்துக்கும்.

இதை நிச்சயமா கடையிலதான் வாங்கோணும்னு இல்லீங்க. ஜன்னல், கதவு நிலவு செய்யற ஆசாரிகிட்ட மிச்ச மரம் கிடக்கும். தேக்கு இருந்தா நல்லது, வேம்பும் சரிதான், ஆனா நல்லாக் காஞ்சிருக்கோணும், இல்லாட்டி முறுக்கிக்கும். பிளைவுட் வேண்டவே வேண்டாம், ஓரம் சிலும்பு சிலும்பா வரும். யூனிட் 30, அரை 12, இரட்டை 8, ஏதோ நாலஞ்சு நாலுமடங்கு. மூலையை உப்புத்தாள் போட்டு மழுக்கச் சொல்லுங்க. வார்னிஷ், பெயின்ட் ஒண்ணும் பூச வேண்டாம், பையன் கடிக்கத்தான் போறான்.

அளவு ஒரு நூல் மாறினாக் கீழ்வரிசையில தெரியாது. நாலாவது மாடியில பாலம் போடறப்ப ஆடும். குழந்தை தான்தான் சரியா வைக்கலைன்னு நினைச்சுக்கும். எனக்கு அதுதான் பொறுக்காது.

யாழ்_செல்வன் (லண்டன்)

வணக்கம். கட்டை நல்லதுதான், மறுக்கேல்லை. ஆனால் புதிரை ஒதுக்கிப்போட வேண்டாம்.

எங்கட மகளுக்கு உந்த வயசிலதான் கமெலட் ஜூனியர் எண்டு ஒரு சாமான் வாங்கினனாங்கள். பெல்ஜியத்து ஸ்மார்ட் கேம்ஸ் செய்யிறது. ஒரு கரையில வீரன், மற்றக் கரையில இளவரசி. இடையில மரக்கட்டையளும் படிக்கட்டுத் துண்டுகளும் வைச்சு, வீரன் நடந்து போய்ச் சேருற மாதிரிப் பாதை கட்டவேணும். அந்தக் கேள்விக்கு எந்தெந்தத் துண்டு எண்டு புத்தகத்தில படம் இருக்கும், அதை மட்டும்தான் பாவிக்கலாம். 48 கேள்வி, லேசில தொடங்கிப் போகப் போக இறுகும். பார்த்தால் புதிர், கையில எடுத்தால் கட்டை.

எனக்குப் பிடிச்சது என்னெண்டால், பிழை விட்டால் நாங்கள் சொல்லத் தேவையில்லை. மகள் படிக்கட்டைத் திருப்பி வைச்சிட்டு, வீரனை விரலால தள்ளிக்கொண்டு வருவா. சுவரில போய் முட்டும். "ஏறேலாது" எண்டு தனக்குத்தானே சொல்லிப்போட்டு, படிக்கட்டை எடுத்து ஒருக்கா உருட்டிப் பார்ப்பா. நான் பக்கத்தில வாயை மூடிக்கொண்டு இருக்கிறதுதான் பெரிய பாடு.

இன்னும் சின்னப் பிள்ளைக்கு அதே ஆக்களின்ர மூண்டு பன்றிக்குட்டி விளையாட்டு இருக்கு. 3 வயசில தொடங்கலாம். ஓநாய் வந்தால் பன்றியளை வீட்டுக்குள்ள மறைக்கவேணும், ஓநாய் இல்லாட்டி வெளியில விளையாட விடலாம். பாதிக் கேள்வி ஓநாயோட, பாதி ஓநாய் இல்லாமல்.

ரஷ் ஹவர் பற்றியும் ஆராவது சொல்லுவினம், இப்பவே சொல்லிப்போடுறன்: நாலு வயசுக்கு வேண்டாம். 6க்கு 6 கட்டத்தில வாகன நெரிசல், சிவப்புக் காரை வெளியில எடுக்கவேணும், முன்னுக்கும் பின்னுக்கும் மட்டும்தான் அசைக்கலாம். யப்பான்காரர் நோப் யோஷிகஹரா கண்டுபிடிச்சது, 1996இல தின்க்ஃபன் வெளியிட்டது. அருமையான சாமான், ஆனால் அது 8 வயசுக்கு. ஐஸ்கிரீம் வண்டி வைச்ச ஜூனியர்கூட அஞ்சு, ஆறு வயசுக்குத்தான். நாலு நகர்வை மனசுக்குள்ள பிடிச்சு வைக்கிற வயசு வரேக்க வாங்குங்கோ.

சந்தேகராமன்

மன்னிக்கவும், ஒரு எதிர்க்குரல். "மூளை வளரும்" என்பது பெட்டி விற்கிறவன் வைத்த பெயர். எங்கள் தலைமுறையில் யாரிடம் லெகோ இருந்தது? திண்ணையில் கரிக்கட்டியால் கோடு கிழித்து ஆடுபுலி ஆடினோம். மூன்று புலி, பதினைந்து ஆடு, செலவு பூஜ்யம். ஆடாக ஆடத் தெரிந்தவனுக்கு வேறு லாஜிக் பஸில் எதற்கு? ஆடு ஒவ்வொன்றும் பலவீனம், சேர்ந்து நின்றால்தான் புலியை அடைக்க முடியும். இதை எந்த பெல்ஜியத்துக்காரன் சொல்லித் தந்தான்?

இந்தப் பொம்மைகளால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஏதாவது நடக்கிறது என்று யாராவது அளந்து பார்த்திருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 3000 ரூபாயைப் பிள்ளை பெயரில் அஞ்சலகத்தில் போட்டுவிடலாம்.

பொம்மைக்கடை பாய் (திருச்சி)

ராமன் சார் எங்க பொழப்புல கை வைக்கிறாரு, வந்துதான் ஆகணும்.

மொதல்ல விலை. யாழ் தம்பி சொன்ன சாமான் நம்ம ஊர்ல கிடைக்கும், ஆனா நிலாம்மா பட்ஜெட்ல முக்காவாசியை அதுவே தின்னுடும். காரணம் இறக்குமதி வரி. பொம்மைக்கு 20 சதவீதமா இருந்ததை 2020ல 60 ஆக்குனாங்க, 2023ல 70. அதுக்கப்புறம் கப்பல்ல வர்ற எதுவும் சல்லிசா இருக்காது.

ரெண்டாவது முத்திரை. 2021 ஜனவரி 1லேர்ந்து 14 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்க பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உள்ளூர்ச் சரக்கா இருந்தாலும் சரி, வெளிநாடா இருந்தாலும் சரி. பெட்டியில முத்திரைக்கு மேல ஐ.எஸ். 9873னு நம்பர் இருக்கணும், பேட்டரி, கரண்டுல ஓடறதுன்னா 15644. முத்திரைக்குக் கீழ சி.எம்./எல்.னு ஆரம்பிச்சு உரிம எண் இருக்கும். அதை பி.ஐ.எஸ். (இந்த முத்திரையைக் கொடுக்கற அரசு அமைப்பு) கேர் ஆப்புல போட்டுப் பாருங்க, எந்தக் கம்பெனின்னு வரும். வரலைன்னா கடைக்காரன் எவ்வளவு சிரிச்சாலும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துடுங்க. நானா இருந்தாலும்தான்.

கைவினைக் கலைஞர்னு பதிவு பண்ணினவங்க செய்யறதுக்கும், புவிசார் குறியீடு வாங்கின பொம்மைக்கும் இந்த முத்திரை தேவையில்லைன்னு விலக்கு இருக்கு. கர்நாடகாவுல இருக்கற சென்னப்பட்டணா ஊர்ப் பொம்மை அந்த வகை. வெட்பாலை மரத்துல கடைஞ்சு, கடையறப்பவே அரக்குல சாயம் ஏத்துவாங்க. பையனுக்கு அந்த வளைய அடுக்கு ஒண்ணு வாங்கலாம், கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா சென்னப்பட்டணான்னு சொல்லி சாதா பெயின்ட் அடிச்சதும் ரோட்டோரத்துல வருது. ஈரத்துணி வெச்சு அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க, சாயம் ஒட்டினா வேண்டாம்.

செவிலி மேரி (நாகர்கோவில்)

ஒன்றரை வயசுப் பிள்ளை இருக்கிற வீடுன்னதும் எழுதாம இருக்க முடியல்ல. மூணு விஷயம்தான்.

காந்தம். இப்ப எங்க பார்த்தாலும் காந்தத் தகடு வெச்சுக் கட்டுற செட்டு. தகடு நல்லாத்தான் இருக்கு, ஆனா மலிவு செட்டுல ஓரத்து ஒட்டு விட்டுப்போனா உள்ள இருக்கிற காந்தம் வெளிய வந்துரும். பிள்ளை ஒண்ணை முழுங்கினா சிலநேரம் தானா வெளிய போயிரும். ரெண்டு முழுங்கினா, குடலோட ரெண்டு மடிப்புல இருந்து ஒண்ணை ஒண்ணு இழுத்து நடுவுல உள்ள சதையை நசுக்கி ஓட்டை போட்டுரும். அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். உருண்டை உருண்டையா முத்து மாதிரி விக்கிற காந்தத்தை வீட்டுக்குள்ளயே விடாதீங்க.

பட்டன் பேட்டரி. பாட்டுப் பாடுற அந்தப் பழைய பொம்மைகளை இன்னைக்கே எடுத்துப் பாருங்க, மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியிருக்கான்னு. அது உணவுக்குழாய்ல மாட்டினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே வேகவெச்சுரும்.

சின்னத் துண்டு. சோதனைச்சாலையில 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழலுக்குள்ள போட்டுப் பார்ப்பாங்க, அதுக்குள்ள முழுசா அடங்கினா 3 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு ஆகாது. பத்து ரூபா நாணயம் 27 மி.மீ. அதைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்தை மனசுல வெச்சுக்கோங்க. கட்டைவண்டி அண்ணன் சொன்ன கட்டை எந்தப் பக்கமாத் திருப்பினாலும் அதுக்குள்ள போகாது. செல்வன் சொன்ன செட்டை அக்கா மேஜையில உட்கார்ந்து, தம்பி தூங்குறப்ப விளையாடட்டும்.

நிலாஅம்மா

இவ்வளவு பதில் வரும்னு நினைக்கவே இல்லை. எல்லாருக்கும் நன்றி. மேரி அக்கா, ஒரு பொம்மை போன்ல மூடியே இல்லாம செல்லோட்டேப் ஒட்டியிருந்துச்சு. தூக்கிப் போட்டாச்சு.

டீச்சர், தீப்பெட்டி கொடுத்தேன். முதல்ல எல்லாத்தையும் திறந்து திறந்து மூடினா. அப்புறம் நாலைச் சதுரமா வெச்சு, நடுவுல தம்பியோட வாத்தை நிறுத்தி, ஸ்கேலை மேல போட்டு "வாத்துக்கு மழை படாது"ன்னா. ஸ்கேல் நழுவிட்டே இருந்துச்சு, பெட்டியை நெருக்கி நெருக்கி வெச்சா. கடைசியில தம்பி வந்து வாத்தை எடுத்துட்டுப் போயிட்டான், ஒரே ரகளை.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, ஜிக்சா பஸில் கணக்குல சேருமா? 12 துண்டு யானைப்படம் இருக்கு, அதை இப்பப் பார்க்காமலே அடுக்கிடறா. ரெண்டு, வீட்டுக்காரர் லெகோவை விடறதா இல்லை. என்ன சொல்லட்டும்?

பட்டு டீச்சர்

வாத்துக்குக் கூரை போட்டாளா! அப்ப அடைக்கறது, பாலம் ரெண்டுமே வந்தாச்சு, கதையும் வந்தாச்சு. கட்டைக்குத் தயாரா இருக்கா. அந்த நழுவற ஸ்கேலை நீங்க பிடிச்சுக் கொடுக்காம இருந்தீங்களே, அது ரொம்ப நல்லது.

ஜிக்சா சேரும். ராமன் சார் அளந்து பார்த்தாங்களான்னு கேட்டாரே, அதுக்கும் இதுவே பதில். சிகாகோ பல்கலைக்கழகத்துல சூசன் லெவின் குழு 53 குழந்தைங்களை அவங்கவங்க வீட்டுலயே, 26 மாசத்துலேர்ந்து 46 மாசம் வரைக்கும் இடைவெளி விட்டு விட்டுப் போய்ப் பார்த்தாங்க. யாரும் பொம்மை கொடுக்கலை, வழக்கமா வீட்டுல என்ன நடக்குதோ அதைத்தான் பதிவு பண்ணினாங்க. அப்புறம் நாலரை வயசுல, ஒரு உருவத்தை மனசுலயே திருப்பி, நகர்த்திச் சேர்க்கற ஒரு சோதனை வெச்சாங்க. வீட்டுல ஜிக்சா மாதிரிப் புதிர் விளையாடின குழந்தைங்க அதுல மேல வந்தாங்க. 2012ல வெளியாச்சு. அதே சமயம் இதையும் சொல்லிடறேன்: புதிரால திறமை வந்துச்சா, திறமை இருந்ததால புதிர் பிடிச்சுச்சான்னு இதை மட்டும் வெச்சுப் பிரிக்க முடியாது. அதனால பெட்டியில "ஐக்யூ கூடும்"னு போடறவன் புளுகறான். ஆனா ஒண்ணுமே இல்லைன்னும் சொல்லிட முடியாது, சார்.

எனக்கு அதுல உபயோகமாப் பட்டது பேச்சு. பக்கத்துல உட்கார்றவங்க "ஓரம்", "மூலை", "தலைகீழா", "உள்பக்கம்", "இன்னும் கொஞ்சம் திருப்பு"ன்னு இடத்தைச் சொல்ற வார்த்தையாப் பேசணும். நம்ம வீடுகள்ல "அங்க வை, இல்லை அங்க, ஐயோ அங்க"ன்னே சொல்லிட்டிருப்போம். குழந்தைக்கு எந்த அங்கன்னு எப்படித் தெரியும்?

யானைப்படம் மனப்பாடம் ஆகிட்டா அது புதிர் இல்லை, பாட்டு. 24 துண்டுக்குப் போங்க. இல்லே, அதையே படம் தெரியாம கவிழ்த்துப் போட்டு வடிவத்தை மட்டும் பார்த்து அடுக்கச் சொல்லுங்க, காசு மிச்சம்.

மாண்டிசோரின்னு வாத்துல போட்டிருக்குன்னு சொன்னீங்களே, அது மரியா மாண்டிசோரிங்கற இத்தாலியக் கல்வியாளரோட பேர். அந்த அம்மா 1939ல சென்னைக்கு வந்து இங்க அடையாறுலதான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. அவங்க சாமான்ல ஒரு மரப்பலகை உண்டு. பத்துக் குழி, பத்து உருளை, ஒவ்வொண்ணும் ஒரு அளவு. ஒண்ணைத் தப்பான குழியில போட்டா கடைசியில ஒரு உருளை எங்கயும் நுழையாம கையில நிக்கும். டீச்சர் வாயே திறக்க வேண்டாம். செல்வன் வீட்டு வீரன் சுவத்துல முட்டறதும் இதேதான். ஒரு புதிர் நல்லதான்னு பார்க்க நான் கேக்கறது இது ஒண்ணுதான்: தப்பைச் சாமானே காட்டுதா, இல்லே நாம பக்கத்துல நின்னு "தப்பு தப்பு"ன்னு சொல்லணுமா?

இன்னொண்ணு, வாங்கறதை எல்லாம் ஒரே நாள்ல பரப்பாதீங்க. டொலீடோ பல்கலைக்கழகத்துல 36 சின்னக் குழந்தைங்களை நாலு பொம்மையோட ஒரு தடவை, பதினாறு பொம்மையோட ஒரு தடவை விட்டுப் பார்த்தாங்க. நாலு இருந்தப்பதான் ஒவ்வொண்ணோடயும் அதிக நேரம், விதவிதமா விளையாடினாங்க. மீதியை அட்டத்துல ஏத்துங்க.

கட்டைவண்டி

லெகோ கேள்வி எனக்குங்க.

உங்க வீட்டுக்காரர் சொல்றது தப்பில்லை, இப்போதைக்கு அதுல டூப்லோ வாங்கச் சொல்லுங்க. லெகோவோட நீளம், அகலம், உயரம் மூணுமே ரெண்டு மடங்கு, ஆக மொத்தப் பருமன் எட்டு மடங்கு. ஒன்றரை வயசுலேர்ந்து ஆகும், பையன் தொண்டைக்குள்ள போகாது. இதுல யாரும் சொல்லாத லாபம் ஒண்ணு இருக்கு: நாளைக்குச் சின்ன லெகோ வாங்கினா அது டூப்லோ மேலயே உக்காரும். போட்ட காசு வீணாகாது. 1958ல காப்புரிமை வாங்கின கட்டைகூட இன்னைக்குக் கட்டையோட பொருந்தும்கறான். எங்க தொழில்காரனுக்குத்தான் அது எவ்வளவு கஷ்டம்னு தெரியும்.

வாங்கினா வண்டி, கோட்டைன்னு ஒரே ஒரு உருவம் வர்ற பெட்டி வேண்டாம். வெறும் கட்டை நிறைய இருக்கற பெட்டியாப் பாருங்க. ஒரே கலர்ல எட்டுப் பொட்டு வெச்ச கட்டை ஆறே ஆறு இருந்தா எத்தனை விதமா மாட்டலாம்னு டென்மார்க்குல ஒரு கணித வாத்தியார் கம்ப்யூட்டர்ல எண்ணிப் பார்த்தாரு. 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765. ஆறு கட்டைக்கே இவ்வளவு! எதுக்குப் பத்து விதமான செட்டு?

மலிவு நகல் வாங்கறதா இருந்தா கடையிலயே மாதிரியைக் கழட்டிப் பாருங்க. பத்துக் கட்டையை ஒண்ணு மேல ஒண்ணு மாட்டி மேல்கட்டையைப் பிடிச்சுத் தூக்கோணும், கழண்டு விழக்கூடாது. ஆனா கழட்டறப்ப விரலாலயே வரோணும். இறுக்கமா இருந்தா பொண்ணு பல்லால இழுப்பா.

மெக்கானிக்ஸ் செட்டு, அதான் ஓட்டை போட்ட பட்டை, நட்டு போல்ட்டு, ஏழெட்டு வயசுக்கு மேல வெச்சுக்கலாம். அதுவரைக்கும், தூக்கிப் போடற சாமான்லயே பொம்மை செஞ்சு அறிவியல் சொல்லித் தர்ற அர்விந்த் குப்தா காட்டின வழி இருக்கு: சைக்கிள் வால்வ் டியூபைச் சின்னச் சின்னதா வெட்டி, ரெண்டு பக்கமும் தீக்குச்சியைச் சொருகினா மூட்டு ஆயிரும். மூணு குச்சி முக்கோணம் ஆடாது, நாலு குச்சி சதுரம் அமுக்கினாச் சாயும். மருந்தைச் சுரண்டிட்டுத்தான் கொடுக்கோணும், பையன் பக்கத்துல இருக்கறப்ப வேண்டாம். என் பேரன் அதுல ஒரு டவர் கட்டி மின்விசிறிக்குக் கீழ வெச்சான். குறுக்குக் குச்சி போடற வரைக்கும் அது நிக்கவே இல்லை.

சந்தேகராமன்

டீச்சர் அம்மா, ஆய்வின் ஓட்டையையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதனால் ஏற்றுக்கொள்கிறேன், முழுதாக அல்ல.

செலவில்லாத புதிர் இரண்டு தருகிறேன், அஞ்சலகத்தில் போடச் சொன்ன பாவத்துக்கு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த புலி, ஆடு, புல்லுக்கட்டு. வாயால் கேட்டால் நாலு வயதுக்குப் புரியாது. தரையில் ஒரு துண்டை விரித்து ஆறு என்று வையுங்கள், சோப்புப் பெட்டி படகு. படகில் ஓட்டுகிறவரோடு ஒன்றுதான் ஏறும். விட்டுவிட்டுப் போனால் ஆடு புல்லைத் தின்கிற சத்தத்தைப் பிள்ளையே போடட்டும். முதலில் ஆட்டை மட்டும் அக்கரை கொண்டு போவது சீக்கிரம் வந்துவிடும். கொண்டு போன ஆட்டைத் திருப்பிக் கூட்டி வர வேண்டும் என்பதற்கு மாதக்கணக்கு ஆகலாம். சொல்லித் தராதீர்கள்.

இரண்டாவது, பாய் சொன்ன வளைய அடுக்கு. தம்பிக்கு வாங்கியதில் மூன்று வளையம் எடுத்து அக்காவிடம் கொடுங்கள். தரையில் மூன்று வட்டம். ஒரு வட்டத்தில் பெரிது, நடுத்தரம், சிறிது என்று அடுக்கி வைத்து இன்னொரு வட்டத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான், சிறிதின் மேல் பெரிது உட்காரக் கூடாது. ஏழு நகர்வில் முடியும். 1883ல் எதுவார் லூகா என்ற பிரெஞ்சுக் கணிதர் விற்பனைக்கு விட்ட பொம்மை இது, அவர் எட்டு வளையம் வைத்தார், 255 நகர்வு. நீங்கள் இரண்டு வளையத்தில் ஆரம்பியுங்கள்.

யாழ்_செல்வன்

ராமன் ஐயா, உது நல்லாயிருக்கு. எங்கட வீட்டில இண்டைக்கே செய்து பார்க்கிறன்.

நிலாஅம்மா, கமெலட்டை எப்பவாவது வாங்கினால் ஒரு வேலை செய்யுங்கோ: கேள்விப் புத்தகத்தின்ர பின்பக்கத்தில விடை கிடக்கும், அதைக் கிளிப் போட்டு மூடி வையுங்கோ. பிள்ளை பார்க்கிறதைவிட நாங்கள் பார்த்திட்டுக் கண்ணைக் காட்டுறதுதான் கூட. சிணுங்கினால் நாலு கேள்வி பின்னுக்குப் போங்கோ. முடிச்சதையே திரும்பக் கேட்டால் விடுங்கோ, அது அவவுக்குச் சந்தோசம்.

நிலாஅம்மா

முடிவு பண்ணியாச்சு. மரக்கட்டை ஆசாரிகிட்ட, மீதிக் காசுல டூப்லோ வெறும் கட்டைப் பெட்டி சின்னதா ஒண்ணு, பையனுக்கு வளைய அடுக்கு. கமெலட் அடுத்த வருசம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். வீட்டுக்காரருக்குப் பாதி வெற்றி, அதுலயே சமாதானம் ஆகிட்டார்.

மாமனார்தான் ஆசாரியைக் கூட்டிட்டு வந்தார். தேக்கு மிச்சம் இருக்காம், ஆனா ஒண்ணேகால் இன்ச் பலகைதான், 1 இன்ச் 3 நூல் வரவே வராதுங்கறார். இழைச்சா இன்னும் கம்மியாயிடுமாம். புதுப் பலகை வாங்கணுமா அண்ணா?

கட்டைவண்டி

வேண்டாமுங்க. அந்த இன்ச் முக்கியமில்லை, பங்குதான் முக்கியம். முதல்ல பலகை முழுசையும் ஒரே தடிமனா இழைச்சு முடிக்கச் சொல்லுங்க. 1 இன்ச் 1 நூல் வந்துச்சுன்னா அகலம் 2 இன்ச் 2 நூல், நீளம் 4 இன்ச் 4 நூல். அரைக்கட்டை ரெண்டே கால் இன்ச் சதுரம், இரட்டை 9 இன்ச். தடிமனை அளக்காம மத்த ரெண்டையும் அறுக்க விட்டுறாதீங்க. அப்புறம், ஒரு இரட்டையை ரெண்டா அறுத்து யூனிட் எடுக்கலாம்னு ஆசாரி சொல்லுவாரு. ரம்பத்துல தூளாப் போறது ஒரு நூல் இருக்கும், ரெண்டும் குட்டையா வரும். ஒவ்வொண்ணையும் தனித்தனியா அளந்து, ஒரு கட்டையை மாதிரியா வெச்சு அறுக்கோணும்னு சொல்லிருங்க.